வெறும் வயிற்றில் ஒரு ரகசியம்



போன இதழில் கூழ் வடாம் விண்டு போகாமல் பிழிவது எப்படி என்று எழுதியிருந்தேன். இந்தத் தடவையும் சமையலறையைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். ஆனால் வடாம், வற்றல் விஷயம் இல்லை. எங்கள் வீட்டு உப்பு ஜாடிக்குப் பின்னால் நான் ஆறு மாதமாக ஒளித்து வைத்திருந்த ஒரு சின்ன டப்பாவைப் பற்றி.

எழுதலாமா, வேண்டாமா என்று ரொம்ப யோசித்தேன். ரெண்டு தடவை எழுதிக் கிழித்தும் போட்டேன். "எழுதும்மா, உன்னை மாதிரி எத்தனை பேர் இருக்காங்களோ" என்று என் மாமியாரே சொன்ன பிறகுதான் இந்த மூன்றாவது காகிதத்தை எடுத்தேன்.

மூன்று மாதத்துக்கு முன்னால் ஒரு காலை. பின்கட்டுக் குழாயடியில் குனிந்து ஓங்கரித்துக் கொண்டிருந்தேன். அன்றோடு தொடர்ந்து எட்டாவது நாள். மதில் பக்கத்திலிருந்து பக்கத்து வீட்டு அம்மா எட்டிப் பார்த்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு, "என்னாக்கா, ஏதாவது விசேஷமா?" என்று கேட்டாள்.

எனக்கு வயது நாற்பத்து நாலு. பெண் காலேஜில் படிக்கிறாள். பையன் எட்டாம் வகுப்பு. "விசேஷமா" என்றால் எப்படி இருக்கும்? அழுவதா, சிரிப்பதா என்று தெரியவில்லை. "பித்தம்" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டேன். உண்மையைச் சொல்வதைவிட, மசக்கை என்றே அவள் நினைத்துக்கொண்டு போகட்டும் என்று கூட அந்த நிமிஷம் தோன்றியது. உண்மை என்னவென்றால், அது மாத்திரையால் வந்த குமட்டல். அதுவும் மனசுக்குச் சாப்பிடுகிற மாத்திரை!

முதல் மாத்திரை

என் அம்மா போய் ஒரு வருஷம் ஆன சமயம். துக்கம் எல்லோருக்கும் உள்ளதுதான். ஆனால் எனக்கு அது வடியவே இல்லை. விடியற்காலை மூணு மணிக்கு முழிப்பு வந்துவிடும். சோறு மண் மாதிரி இருக்கும். வெங்காயம் அரியும்போது வந்த கண்ணீர், அரிந்து முடித்த பிறகும் நிற்காது. 'நாம இருந்து யாருக்கு என்ன பிரயோஜனம்' என்று ஒரு எண்ணம் அடிக்கடி வர ஆரம்பித்தது. அதற்கு நானே பயந்து போய், வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் ராணிப்பேட்டையில் ஒரு தோல் பதனிடும் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவர். அதிகம் பேசமாட்டார். அடுத்த வாரமே லீவு போட்டு, வேலூரில் ஒரு மனநல டாக்டரம்மாவிடம் அழைத்துப் போனார்.

இது மனச்சோர்வு நோய், மருந்துக்குக் கட்டுப்படும் என்று சொல்லி, செர்ட்ரலின் என்ற மாத்திரையை எழுதிக் கொடுத்தார்கள். முதல் பத்து நாள் வயிறு லேசாகப் புரட்டியது. பிறகு தானாக அடங்கிவிட்டது. ஐந்தாறு வாரத்தில் நல்ல மாறுதல். காலையில் எழுந்து கோலம் போட மனசு வந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் வீட்டுக்காரரைத் தவிர யாருக்கும் சொல்லவில்லை. 'பைத்தியத்துக்கு மருந்து சாப்பிடறா' என்று ஒரு பேச்சு கிளம்பினால், நாளைக்குப் பெண்ணுக்கு வரன் பார்க்கும்போது அது வந்து நிற்குமே! அதனால் டப்பா உப்பு ஜாடிக்குப் பின்னால் போயிற்று.

இரண்டாவது மாத்திரை

இதற்கிடையில் பையனின் பள்ளியிலிருந்து ஓயாத புகார். ஒரு இடத்தில் உட்கார மாட்டான், நோட்டைத் தொலைப்பான், கேள்வியை முழுதாகப் படிக்காமலே பதில் எழுதுவான். அவனுக்கு ஏ.டி.எச்.டி. என்கிற கவனக் கோளாறு இருக்கிறது என்று டாக்டர்கள் பரிசோதித்துச் சொன்னார்கள். இது குடும்பத்தில் தொடர்ந்து வரக்கூடியதாம். டாக்டரம்மா என் பக்கம் திரும்பி, "நீங்க சின்ன வயசுல எப்படிம்மா?" என்று கேட்டார்கள்.

நான் எப்படி? பத்தாம் வகுப்பில் கணக்குப் பரீட்சைக்கு ஹால் டிக்கெட்டை மறந்துவிட்டுப் பாதி வழியில் திரும்பி ஓடியவள் நான். அடுப்பில் வைத்த பால் பொங்காத நாள் என் கல்யாண வாழ்க்கையில் குறைவு. 'மறதிக்காரி', 'பொறுப்பில்லாதவ' என்பதெல்லாம் என் பெயர் மாதிரியே ஆகிவிட்டது. இது பெரியவர்கள் ஆன பிறகும் பலருக்குத் தொடரும் என்றும், பெண் குழந்தைகளிடம் துறுதுறுப்பு வெளியே தெரியாமல் மறதியாகவும் கனவு காண்பதாகவும் இருப்பதால் கண்டுபிடிக்காமலே விட்டுவிடுகிறார்கள் என்றும் டாக்டரம்மா சொன்னபோது எனக்குத் தொண்டை அடைத்தது. நாற்பது வருஷமாகக் குணக்கேடு என்று நினைத்துக் கொண்டிருந்ததற்கு ஒரு பெயர் இருக்கிறது!

நிறைய கேள்விகள் கேட்டு, ரத்த அழுத்தமும் இதயத் துடிப்பும் பார்த்து, சில வாரம் கழித்து மெத்தில்பெனிடேட் என்ற மாத்திரையைச் சேர்த்தார்கள். இது மூளையைச் சுறுசுறுப்பாக்குகிற வகை. இந்த மாத்திரைக்கு ஒரு கதை உண்டு. 1944-ல் சுவிட்சர்லாந்தில் சீபா கம்பெனியில் வேலை பார்த்த பனிஸ்ஸோன் என்ற ரசாயன நிபுணர் இதைத் தயாரித்தார். அவர் மனைவி மார்கரீட் அதைச் சாப்பிட்டுவிட்டு டென்னிஸ் ஆடப் போவாராம். மனைவியின் செல்லப் பெயர் ரீட்டா. அதை வைத்துத்தான் மருந்துக்கு 'ரிட்டாலின்' என்று பெயர் வைத்தார். மாத்திரைக்கு மனைவி பெயரை வைத்த புருஷன்! நம் நாட்டில் இது கட்டுப்பாட்டில் உள்ள மருந்து. டாக்டர் சீட்டு இல்லாமல் தரமாட்டார்கள். எல்லாக் கடையிலும் கிடைக்கவும் கிடைக்காது.

"டிபன் சாப்பிட்ட பிறகு போடுங்க" என்றுதான் டாக்டரம்மா சொன்னார்கள். அங்கேதான் நான் தப்புச் செய்தேன்.

நான் செய்த தப்பு

எங்கள் வீட்டில் டிபன் நேரத்தில் சமையலறையில் எல்லோரும் இருப்பார்கள். மாமியார் அங்கேயே மணைப்பலகை போட்டு உட்கார்ந்து கீரை ஆய்வார்கள். அவர்கள் கண்ணெதிரில் எப்படி மாத்திரை போடுவது? அதனால் ஐந்து மணிக்கு, யாரும் எழுந்திருக்கும் முன்பே, ரெண்டு மாத்திரையையும் ஒன்றாக வெறும் வயிற்றில் விழுங்கிவிடுவேன். தொடர்ந்து ஒரு தம்ளர் ஸ்ட்ராங் காபி. பிறகு எல்லோருக்கும் டிபன், டப்பா, துணி. பசி என்பதே தெரியாது. மத்தியானம் ரெண்டு மணிக்குத்தான், 'அட, இன்னும் சாப்பிடவில்லையே' என்று ஞாபகம் வரும்.

மூன்றாம் நாள் குமட்டல் ஆரம்பித்தது. கடுகு தாளிக்கிற வாசனை ஆகாது. மீன் கழுவ முடியாது. வீட்டுக்காரர் சட்டையில் ஏறி வருகிற தோல் வாடையை இருபது வருஷமாக நான் கவனித்ததே இல்லை. இப்போது அந்தச் சட்டையைத் துவைக்க எடுத்தாலே குடலைப் பிடுங்கும்.

கடைத்தெருவில் மருந்துக் கடைக்குப் போய், "வாந்திக்கு ஏதாவது கொடுப்பா" என்று கேட்டேன். என்ன மருந்து சாப்பிடுகிறேன் என்று அந்தப் பையனும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. நாலு மாத்திரை கொடுத்தான். நல்ல வேளை, அதை வாங்கி வந்த இடத்தையே மறந்துவிட்டேன். வாழ்க்கையில் என் மறதி எனக்கு உதவியது அந்த ஒரு தடவைதான்.

அப்புறம்தான் மதில் ஓரத்தில் அந்த 'விசேஷமா' கேள்வி. அன்றைக்கே ரெண்டு மாத்திரையையும் நிறுத்திவிட்டேன். வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லவில்லை.

ரெண்டு நாள் வயிறு சுகம். மூன்றாம் நாள் தலை சுற்றல். தலையைத் திருப்பினால் உள்ளே மின்சாரம் சுண்டுகிற மாதிரி ஒரு வெட்டு. ஒன்றுமில்லாததற்கு எரிச்சல், அழுகை. குமட்டலும் போகவில்லை, திரும்பி வந்தது! நாலாம் நாள் சாயங்காலம் பாலை அடுப்பில் வைத்துவிட்டு, மொட்டை மாடியில் துணி எடுக்கப் போனவள், அங்கேயே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. கீழே மாமியார் கத்துகிற சத்தம் கேட்டு ஓடி வந்தேன். பால் பொங்கி அடுப்பை அணைத்திருந்தது. வீடு பூரா கேஸ் நெடி. எழுபத்திரண்டு வயசு மனுஷி, முட்டி வலியோடு ஓடி வந்து சிலிண்டரை மூடிவிட்டு, ஜன்னலையெல்லாம் திறந்துவிட்டு, மூச்சு வாங்க நின்று கொண்டிருந்தார்கள். பையன் பக்கத்து அறையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தான்.

திட்டப் போகிறார்கள் என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

"ஏம்மா, உடம்புக்கு என்னா? வயித்துல ஏதாவது தங்கியிருக்கா? எங்கிட்ட சொல்றதுக்கு என்னா?" என்று கேட்டார்கள்.

அப்படியே தரையில் உட்கார்ந்து, உப்பு ஜாடியைக் காட்டி, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அத்தை கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்கள்: "எங்க அக்காளுக்கும் இப்படித்தான். புள்ள பெத்து நாலு மாசம், சுவத்தையே பார்த்துக்கினு குந்தியிருப்பா. பேய் புடிச்சிருக்குன்னு வேப்பிலை அடிச்சாங்க. சாப்பிட்டியான்னு ஒருத்தரும் கேக்கல." அதற்கு மேல் அந்த அக்காவைப் பற்றி அவர்கள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

வேலூர்ப் பயணம்

மறுநாள் அத்தையும் நானும் பஸ் ஏறினோம். வாலாஜாவிலிருந்து முத்துக்கடை வருவதற்குள் தோல் தொழிற்சாலை வாடை ஜன்னல் வழியே வந்துவிட்டது. அத்தை தன் முந்தானையில் முடிந்து வந்திருந்த எலுமிச்சம்பழத்தை என் கையில் கொடுத்தார்கள். ஆற்காட்டுப் பாலம், ரத்தினகிரி என்று முகர்ந்துகொண்டே போய்ச் சேர்ந்தேன்.

டாக்டரம்மா திட்டவில்லை. "வீட்டுல இருந்து பெரியவங்களைக் கூட்டிட்டு வந்தீங்களே, அதுவே பாதி மருந்து" என்றார்கள். அப்போதுதான் வேலூர் பாகாயத்தைப் பற்றிச் சொன்னார்கள். சி.எம்.சி. மருத்துவமனையின் மனநல மையம் அங்கே 1957-ல் தொடங்கியபோதே, நோயாளியோடு வீட்டார் ஒருவரும் உடன் தங்குகிற முறையைக் கொண்டு வந்தார்களாம். அதற்கும் சில வருஷம் முன்னால் அமிர்தசரஸில் டாக்டர் வித்யாசாகர் என்பவர், ஆஸ்பத்திரி வளாகத்திலேயே கூடாரம் போட்டுக் குடும்பத்தாரைத் தங்க வைத்திருக்கிறார். மனநோய் என்றால் கொண்டுபோய் அடைத்துவிடு என்றிருந்த காலத்தில், 'கூட இருந்து பாருங்கள், கற்றுக்கொள்ளுங்கள்' என்று சொன்ன ஊர் நம் பக்கத்து ஊர்! நானோ, ஒரே வீட்டில் இருக்கிறவர்களிடம் ஒளித்துக் கொண்டிருந்தேன்.

"வயிற்றுக்கும் மனசு மாத்திரைக்கும் என்ன சம்பந்தம்?" என்று அத்தை கேட்டார்கள். டாக்டரம்மா சொன்னதை எனக்குப் புரிந்தவரை சொல்கிறேன்.

செர்ட்ரலின், எஸ்சிடலோப்ராம் போன்ற மாத்திரைகள் செரோட்டோனின் என்ற பொருள்மேல் வேலை செய்கின்றன. அது மூளையில் மட்டும் இருப்பதில்லை. உடம்பில் உள்ள செரோட்டோனினில் சுமார் 90 சதவிகிதம் குடலில்தான் இருக்கிறது. எர்ஸ்பாமர் என்ற இத்தாலிய விஞ்ஞானி 1930-களில் இதை முதலில் கண்டதே வயிற்றுப் பகுதியில்தான். வேறு பெயர்கூட வைத்திருந்தார். 1948-ல் அமெரிக்காவில் ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்தவர்கள் 'செரோட்டோனின்' என்று பெயரிட்டார்கள். இரண்டும் ஒன்றுதான் என்று 1952-ல் தெரிந்தது. ஆக, மனசுக்கு என்று போடுகிற மாத்திரை வயிற்றின் கதவையும் தட்டுகிறது. குடலிலிருந்து நரம்பு வழியாக மூளைக்குச் சேதி போய்க் குமட்டுகிறது. பெரும்பாலானவர்களுக்கு ஒன்றிரண்டு வாரத்தில் உடம்பு பழகிவிடும்.

மெத்தில்பெனிடேட்டின் வழி வேறு. அது பசியை அடக்குகிறது. பசி தெரியாததால் சாப்பிடுவதில்லை. சாப்பிடாததால் வயிறு காய்ந்து இன்னும் புரட்டுகிறது. அதன்மேல் காபி! தவிர, இந்த மாத்திரை சில மனச்சோர்வு மருந்துகள் உடம்பிலிருந்து வெளியேறுவதைத் தாமதப்படுத்தவும் கூடும். அதனால் பழகிப்போன பழைய மாத்திரையின் குமட்டல்கூட, புதியதைச் சேர்த்ததும் திரும்ப வரலாம். திடீரென்று நிறுத்தியபோது எனக்கு வந்த தலைச் சுற்றலும் மின்வெட்டும் மனச்சோர்வு மாத்திரையைச் சட்டென்று விட்டதால் வந்தவை. நிறுத்த வேண்டுமென்றால், டாக்டர் சொல்லிப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டுமாம்.

எனக்கு ஒரு மாத்திரையை ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு என்று மாற்றினார்கள். இன்னொன்றைக் குறைந்த அளவில் திரும்ப ஆரம்பித்து மெதுவாக ஏற்றினார்கள். இது எனக்குச் செய்தது. உங்களுக்கு எது என்று உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

இப்போது நான் கடைப்பிடிப்பவை

*முதலில் கஞ்சி, பிறகு மாத்திரை.* எங்கள் வடாற்காட்டுப் பக்கத்துக் கேழ்வரகு இதற்குக் கைகண்டது. ரெண்டு ஸ்பூன் கேழ்வரகு மாவை முதல் நாள் ராத்திரியே தண்ணீரில் கரைத்து வைத்துவிடுங்கள். காலையில் ஒன்றரை தம்ளர் தண்ணீரைக் கொதிக்க வைத்து, கரைத்த மாவை ஊற்றி, கைவிடாமல் கிளறுங்கள். பச்சை வாசனை போய்ப் பளபளவென்று வந்ததும் இறக்கி ஆறவிட்டு, மோர், உப்பு, பொடியாக நறுக்கிய சின்ன வெங்காயம் சேர்க்க வேண்டியதுதான். தாளிப்பு வேண்டாம். கஞ்சி பிடிக்காதவர்கள் ரெண்டு இட்லி சாப்பிடலாம்.

*பசியை நம்பாதீர்கள், கடிகாரத்தை நம்புங்கள்.* பதினொரு மணிக்கும் ஒரு மணிக்கும் செல்போனில் மணி அடிக்கும். பசித்தாலும் பசிக்காவிட்டாலும் கொஞ்சம் சாப்பிட்டுவிடுவேன். பொரி, உடைத்த கடலை, மல்லாட்டை உருண்டை (மற்ற ஊர்க்காரர்களுக்கு வேர்க்கடலை உருண்டை!) ஒரு டப்பாவில் கைக்கெட்டும் இடத்தில் இருக்கும். ஒரே தடவையில் வயிறு முட்டச் சாப்பிடுவதைவிட, கொஞ்சம் கொஞ்சமாக ஐந்து தடவை நல்லது. எண்ணெய்ப் பலகாரம், அதிகக் காரம் அந்தச் சில வாரத்துக்கு வேண்டாம்.

*காபி.* வெறும் வயிற்றில் அறவே கிடையாது. டிபனுக்குப் பிறகு அரைத் தம்ளர், அதுவும் லேசாக. சுறுசுறுப்பு மாத்திரையும் காபியும் சேர்ந்தால் நெஞ்சு படபடப்பும் தூக்கக் கேடும் கூடும்.

*வாசனை.* சூடான பதார்த்தத்தைவிட ஆறியதில் வாசனை குறைவு. குமட்டுகிற நாளில் தயிர் சாதம், நார்த்தங்காய் ஊறுகாய். தாளிக்கும்போது ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். மீன் கழுவுவதை என் பெண் எடுத்துக்கொண்டாள். வேலைக்குப் போட்ட சட்டையை வீட்டுக்காரர் இப்போது பின்கட்டிலேயே கழற்றி, தானே வாளியில் ஊறப் போடுகிறார். சொன்னால் செய்கிறார்கள். நாம்தான் சொல்வதில்லை.

*இஞ்சி.* ஒரு சின்னத் துண்டைத் தட்டிக் கொதிக்க வைத்து, வெல்லம் போட்டுக் குடித்தால் கொஞ்சம் அடங்குகிறது. அளவோடு இருக்கட்டும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

*தண்ணீர்.* மடமடவென்று குடிக்காமல் வாய் வாயாகக் குடியுங்கள். வாந்தியே எடுத்துவிட்டால், ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் தலை தட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு கலந்து வைத்துக்கொண்டு சிறிது சிறிதாகக் குடிக்கலாம். மாத்திரை வாந்தியில் போய்விட்டதோ என்று இன்னொன்றை நீங்களாகப் போட வேண்டாம். டாக்டரைக் கேளுங்கள்.

*சாப்பிட்டதும் படுக்காதீர்கள்.* அரை மணியாவது உட்கார்ந்து பூ கட்டுங்கள், கீரை ஆயுங்கள்.

*பொடி செய்யாதீர்கள்.* விழுங்க முடியவில்லை என்று நுணுக்கித் தேனில் குழைப்பது நம் பழக்கம். மெதுவாகக் கரைவதற்கென்றே செய்த மாத்திரையை நுணுக்கினால், நாள் பூரா இறங்க வேண்டிய மருந்து ஒரேயடியாக இறங்கிவிடும்.

*ஒரு நோட்டு.* எத்தனை மணிக்கு மாத்திரை, என்ன சாப்பிட்டேன், எப்போது குமட்டியது என்று மூன்றே கட்டம். பதினைந்து நாள் எழுதிக்கொண்டு போனேன். டாக்டரம்மா அதைப் பார்த்துத்தான் வேளையை மறுபடி சரி செய்தார்கள். மறதிக்காரியின் நோட்டு என்று என் பெண் அட்டையில் எழுதி, பூ வரைந்து கொடுத்தாள்.

இவற்றில் விளையாட வேண்டாம்

வாந்திக்கென்று கடையில் கேட்டு வாங்காதீர்கள். சில வாந்தி மாத்திரைகள் மனச்சோர்வு மருந்தோடு சேர்ந்தால் இதயத் துடிப்பின் ஒழுங்கைக் கெடுக்கலாம். சிலவற்றால் கழுத்தும் தாடையும் இழுத்துக்கொள்ளலாம். சில இருமல் சிரப்புகளும் சில வலி மாத்திரைகளும்கூட ஒத்துக்கொள்ளாது. எந்த டாக்டரிடம் எதற்குப் போனாலும், 'இந்த மாத்திரையெல்லாம் சாப்பிடுகிறேன்' என்று சீட்டைக் காட்டிவிடுங்கள்.

குமட்டலோடு காய்ச்சல், கடுமையான வியர்வை, நடுக்கம், தசைத் துடிப்பு, பேதி, நெஞ்சுப் படபடப்பு, மனக்குழப்பம் சேர்ந்து வந்தால் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். செரோட்டோனின் அளவுக்கு மீறிப் போனால் இப்படி வரும். நெஞ்சு வலி, மயக்கம், வாந்தியில் ரத்தம், கறுத்த மலம் இவையும் அப்படித்தான். வயதானவர்களுக்கு இந்த மாத்திரையால் ரத்தத்தில் உப்புச் சத்துக் குறைந்தும் குமட்டலும் குழப்பமும் வரலாம்.

எல்லாக் குமட்டலுக்கும் மாத்திரைமேல் பழி போடவும் வேண்டாம். மஞ்சள் காமாலையாக இருக்கலாம். நாள் தள்ளிப் போயிருந்தால், என் வயதிலும்கூட, முதலில் சோதனை செய்து பார்த்துவிடுங்கள். பக்கத்து வீட்டு அம்மாவின் கேள்வி ஒன்றும் அசட்டுக் கேள்வி இல்லை! கர்ப்பம் என்று தெரிந்தாலோ, கைக்குழந்தைக்குப் பால் கொடுத்தாலோ, டாக்டரிடம் உடனே சொல்லுங்கள். ஆனால் பயந்து நீங்களாக மருந்தை நிறுத்திவிடாதீர்கள். பிரசவத்துக்குப் பிறகு வருகிற மனச்சோர்வு தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்தானது.

இந்த மாத்திரைகளைப் பிள்ளைகள் கைக்கு எட்டாமல் பூட்டி வையுங்கள். பையனுக்கும் அம்மாவுக்கும் ஒரே மாத்திரை என்று ஒருவருடையதை இன்னொருவர் எடுக்கவும் கூடாது.

வேலூருக்குப் போக வசதியில்லை என்றால், மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் அரசு மருத்துவமனையில் விசாரியுங்கள். பேசுவதற்கு ஒரு ஆள் வேண்டுமென்றால் 14416 என்ற இலவச எண் இருக்கிறது. 2022-ல் மத்திய அரசு ஆரம்பித்த 'டெலி மானஸ்' சேவை. ராப்பகல் எந்நேரமும் பேசலாம், தமிழிலும் பேசுகிறார்கள். 'நாம் இருந்து என்ன பிரயோஜனம்' என்று எனக்கு வந்த மாதிரி எண்ணம் வந்தால், அந்த நிமிஷமே யாரிடமாவது சொல்லிவிடுங்கள். அதை மட்டும் ஜாடிக்குப் பின்னால் வைக்கக் கூடாது.

அன்று வேலூரிலிருந்து திரும்பும்போது, அத்தை ஆற்காட்டில் இறங்கி மக்கன் பேடா வாங்கினார்கள். வீட்டுக்கு வந்ததும் என்னைக் கேட்காமலே உப்பு ஜாடியை நகர்த்தி, டப்பாவை எடுத்து, தன் பிரஷர் மாத்திரைக்குப் பக்கத்தில், எல்லோர் கண்ணுக்கும் தெரிகிற அலமாரியில் வைத்தார்கள். மறுநாள் காலையில் நான் எழுந்து வந்தபோது கேழ்வரகுக் கஞ்சி தயாராக இருந்தது. குமட்டல் முழுதாகப் போக மூன்று வாரம் பிடித்தது. இப்போதும் என்றைக்காவது கஞ்சியைத் தவறவிட்டால் லேசாக எட்டிப் பார்க்கும். பால்? வாரத்துக்கு ஒரு நாள் பொங்குகிறது. ஆறு நாள் மிச்சம்!

போன வாரம் பக்கத்து வீட்டு அம்மா மறுபடி மதில் ஓரம் வந்தாள். இந்தத் தடவை நானே உண்மையைச் சொன்னேன். அவள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "என் மருமவளுக்குக் குழந்தை பொறந்ததுல இருந்து தூக்கமே இல்லக்கா. சும்மாவே அழுவுறா. அந்த டாக்டர் வேலூர்ல எங்க இருக்காங்க?" என்று கேட்டாள். விலாசம் எழுதிக் கொடுத்தேன். "நீயும் கூடப் போ. முதல்ல அவ சாப்பிட்டாளான்னு கேளு" என்று அத்தை உள்ளேயிருந்து குரல் கொடுத்தார்கள்.

அடுத்த இதழில் ஆவக்காய் ஊறுகாயோடு சந்திக்கிறேன் சகோதரிகளே. பூசணம் பிடிக்காமல் இருக்க ஒரு நல்ல யோசனை இருக்கிறது, மறக்காமல் இருந்தால்!